மே மாதத்தில் இலை உதிர்க்காத ரோஜா

கேள்வி:

நான் தருமபுரி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டைச் சுற்றியும் மொட்டை மாடியிலுமாக நாற்பது ரோஜாச் செடிகள் வளர்த்து வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நர்சரியில் வாங்கிய பெயர் தெரியாத வெளிர்மஞ்சள் ரோஜாவின் 14 பூக்களில், எங்கள் வீட்டுப் பன்னீர் ரோஜாவின் மகரந்தத்தைத் தடவினேன். பூக்கள் நன்றாக விரிந்த பிறகு அவற்றின் மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் தடவினேன். பதினொன்றில் பிஞ்சு உதிர்ந்துவிட்டது. மீதி மூன்று காய்களில் 19 விதைகள் கிடைத்தன. இரண்டு முளைத்து, ஒன்று பிழைத்தது. அது இப்போது தொட்டியில் இடுப்பளவு வளர்ந்து பூக்கிறது. மஞ்சள் இதழ், ஓரத்தில் இளஞ்சிவப்பு. மார்கழியில் நிறம் அடர்த்தியாகவும் பங்குனியில் ஏறக்குறைய வெள்ளையாகவும் இருக்கிறது. மிதமான மணம் உண்டு. மே மாதத்தில் மற்ற செடிகள் இலை கொட்டி நின்றபோதும் இது மட்டும் பச்சையாகவே இருந்தது. இதைப் பார்த்த நர்சரிக்காரர் ஒருவர் ஒட்டுக்கட்டுவதற்காக 50 மொட்டுக் குச்சிகள் கேட்கிறார். பணமும் தருவதாகச் சொல்கிறார். இது புதிய ரகம்தானா? மறைந்த என் தாயாரின் பெயரை வைத்துப் பதிவு செய்ய முடியுமா? குச்சிகளைக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள அம்மையீர்,

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில்தான் அவசரம் இருக்கிறது: குச்சிகளை இப்போது விற்க வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

உங்கள் கடிதத்தில் பூவின் நிறத்தைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தீர்கள். மே மாதத்தில் இலை உதிரவில்லை என்பதை ஒரே வரியில், போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நாற்பது ஆண்டுகள் பூச்செடிகளில் இனக்கலப்பு செய்தவன் என்ற முறையில், அந்த நான்கு வரிகளைவிட இந்த ஒரு வரியே என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

நிறத்தைப் பொறுத்தவரை உங்களுக்குச் சற்று ஏமாற்றம் தரக்கூடிய செய்தி உண்டு. மஞ்சள் இதழும் இளஞ்சிவப்பு ஓரமும் கொண்ட ரோஜா உலகம் முழுவதும் அறிந்த ஒன்று. பிரான்ஸ் நாட்டின் பிரான்சிஸ் மெய்யான் 1935-இல் செய்த கலப்பிலிருந்து கிடைத்த ஒரு நாற்று, பத்து ஆண்டுகள் கழித்து 1945-இல் அமெரிக்காவில் ‘பீஸ்’ என்ற பெயரில் வெளியானது. இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகமாக நடப்பட்ட ரோஜாக்களில் ஒன்று அது. பிறகு வந்த எத்தனையோ ரகங்களில் அதன் இரத்தம் ஓடுகிறது. நீங்கள் நர்சரியில் வாங்கிய பெயர் தெரியாத வெளிர்மஞ்சள் செடியும் அந்த வம்சத்துத் தூரத்து உறவாக இருப்பின் நான் வியப்படைய மாட்டேன். ஆகவே ‘இந்த நிறம் புதிது’ என்று எவரிடமும் வாதிட முற்படாதீர்கள், வாதம் நிற்காது. வாய்ப்புக் கிடைத்தால் பூக்காலத்தில் ஒருமுறை ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவுக்குச் சென்று, அங்குள்ள ஆயிரக்கணக்கான ரகங்களிடையே உங்கள் பூவின் புகைப்படத்தையும் ஒரு காம்பு இலையையும் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஒரு பகல் போதும். உங்கள் செடி எதை ஒத்திருக்கிறது, எதில் விலகுகிறது என்பது தெளிவாகிவிடும்.

நிறம் பருவத்துக்குப் பருவம் மாறுவதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். மஞ்சளைத் தருவது கரோட்டினாய்டு என்னும் நிறமி. பூ முதிர முதிர, வெயில் ஏற ஏற, அது வெளுத்துப்போகும். இளஞ்சிவப்பைத் தருவது ஆந்தோசயனின்; அது குளிரிலும் நல்ல வெளிச்சத்திலும் மிகுதியாகச் சுரக்கும், வெப்பத்தில் குறையும். ஆகவே மார்கழியில் இரண்டும் கூடி நிற்கின்றன, பங்குனியில் இரண்டும் கைவிடுகின்றன. இது குறைபாடு அன்று. ஆனால் விற்பனைக்கு வரும் செடி என்றால், வாங்குகிறவர் மார்கழிப் பூவின் படத்தைப் பார்த்து வாங்கிவிட்டுப் பங்குனியில் உங்களைத் தேடி வருவார்.

இனி உங்கள் கலப்பைப் பற்றி. பூ நன்றாக விரிந்த பிறகே மகரந்தப் பைகளைக் கிள்ளியதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான ரோஜாக்களில் பூ முழுமையாக விரிவதற்குள்ளாகவே பைகள் வெடித்து மகரந்தம் உதிரத் தொடங்கிவிடும்; தேனீக்கள் வேறு உங்களுக்கு முன்பே வந்து போயிருக்கும். ஆதலால் உங்கள் நாற்றுக்குத் தந்தை பன்னீர் ரோஜாதான் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. தாய்ச்செடி தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருக்கலாம். பக்கத்துச் செடியின் மகரந்தமும் விழுந்திருக்கலாம். பன்னீர் ரோஜா என்று நம் ஊரில் சொல்லப்படுபவையும் ஒரே வகை அல்ல. ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிகள் அந்தப் பெயரில் வழங்குகின்றன. நாற்றின் முட்களின் அமைப்பு, இலைக்காம்பின் அடியிலுள்ள இலையடிச் செதில், இலையின் மேற்பரப்பு, மணம் ஆகியவற்றைத் தாய், தந்தை இரண்டோடும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தாயிடம் இல்லாமல் பன்னீர் ரோஜாவிடம் மட்டும் உள்ள பண்பு ஒன்றாவது நாற்றில் தெரிந்தால் கலப்பு நடந்திருக்கக்கூடும் என்று கொள்ளலாம். தெரியும்வரை உங்கள் குறிப்பேட்டில் தந்தையின் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி இட்டுவையுங்கள். பதிவு விண்ணப்பத்தில் பெற்றோர் விவரம் கேட்கப்படும். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிக் கையொப்பமிடக் கூடாது.

அடுத்த முறை செய்யும்போது, பூ மலர்வதற்கு முந்தின நாள், மொட்டின் வெளியிதழ் ஒன்று அப்போதுதான் நெகிழத் தொடங்கியிருக்கும் நிலையில், அதிகாலையில் இதழ்கள் அனைத்தையும் பிடுங்கிவிட்டு, உள்ளே இன்னும் வெடிக்காமல் மஞ்சளாகக் குழுமி நிற்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். எடுத்த கையோடு அந்த மொட்டை எண்ணெய்த்தாள் உறையால் மூடிக் கட்டிவிட வேண்டும். தந்தைச் செடியின் பைகளை இதேபோல் மொட்டு நிலையில் எடுத்து, ஒரு பீங்கான் தட்டில் நிழலில் ஒரு நாள் வைத்தால் அவை வெடித்துப் பொடியாகும். மறுநாள் சூலகமுடி பிசுபிசுப்பாகத் தெரியும்போது அந்தப் பொடியை விரல் நுனியாலோ மென்மையான தூரிகையாலோ தடவி, மீண்டும் மூடி, அதற்கடுத்த நாளும் ஒருமுறை தடவுங்கள். பிறகு சீட்டு. சீட்டில் தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரை அடுத்தும் எழுதித் தேதியிடுவது வழக்கம், பென்சிலால் எழுதுங்கள். பணியில் சேர்ந்த புதிதில் நான் அழகான நீல மையால் எழுதிக் கட்டினேன். ஒரு ஐப்பசி மழையில் இரண்டு ஆண்டுகளின் கலப்புகள் அனைத்தும் தந்தை பெயர் இல்லாத பிள்ளைகளாகிவிட்டன. அதை மேலதிகாரியிடம் சொன்ன நாள் இன்றும் நினைவிருக்கிறது.

பதினான்கில் பதினொன்று உதிர்ந்ததைப் பற்றி வருந்த வேண்டாம். ரோஜாவின் அடிப்படைக் குரோமோசோம் எண் ஏழு. காட்டு ரோஜாக்களில் பல 14 குரோமோசோம்களைக் கொண்டவை; இன்றைய தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவை 28 கொண்டவை. இரண்டும் கலந்தால் பிறக்கும் 21 குரோமோசோம் பிள்ளை பெரும்பாலும் மலடு அல்லது அரை மலடு. பூக்கும், காய்க்கத் தயங்கும். உங்கள் தாய்ச்செடியே அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம். அதைவிட எளிய காரணம் வெயில். ரோஜாக்காய் பழுக்க நான்கு மாதம் வரை ஆகும். மாசியில் கலப்புச் செய்தால் பிஞ்சுப் பருவம் முழுவதும் தருமபுரிக் கோடையில் கழியும். மழை ஓய்ந்த மார்கழித் தொடக்கத்திலேயே கலப்பை முடித்துவிட்டால், கத்திரி வருவதற்குள் காய் ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பிவிடும். செடியையும் பாருங்கள்: ஒரே செடியில் பத்துக் காய்களைச் சுமக்க வைத்தால் அதுவே சிலவற்றைக் கழற்றிவிடும்.

விதை முளைக்காததற்கும் காரணம் தெளிவானது. ரோஜா விதையின் ஓடு கடினமானது. உள்ளே முளைப்பைத் தடுக்கும் சுரப்பும் உண்டு. குளிர்நாட்டில் அந்தத் தடை பனிக்காலத்தில் தானே கரையும். நமக்குக் குளிர்சாதனப் பெட்டிதான் பனிக்காலம். விதைகளைக் கழுவி, ஈரமான தென்னைநார்க் கழிவில் கலந்து, மூடிய டப்பாவில், காய்கறித் தட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள். உறைபனிப் பகுதியில் வைக்கக் கூடாது. பிறகு விதைத்தால் சில விதைகள் மூன்று வாரத்தில் முளைக்கும், சில மூன்று மாதத்தில், சில அடுத்த ஆண்டில். முளைக்கவில்லை என்று தட்டைக் கொட்டிவிடுகிறவர்கள் நல்ல நாற்றுகளையும் சேர்த்தே கொட்டுகிறார்கள். மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்புள்ள பெற்றோரின் நாற்று, முளைத்த ஓரிரு மாதங்களிலேயே கட்டைவிரல் அளவில் ஒரு பூ விடும். அந்த முதல் பூவை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். இதழ் எண்ணிக்கைகூட அடுத்த ஆண்டு கூடும்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

நாம் இன்று தோட்டங்களில் வளர்க்கும் பெரிய பூ ரோஜாக்களின் குணங்கள் ஐரோப்பாவின் மிதமான வெயிலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆண்டு முழுவதும் பூக்கும் குணம் சீன ரோஜாக்களிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவை கல்கத்தா வழியாகவும் ஐரோப்பாவை அடைந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை வங்காள ரோஜாக்கள் என்றே அழைத்தார்கள். அடர்மஞ்சள் நிறம் பாரசீக மஞ்சள் ரோஜாவிலிருந்து வந்தது. லியோன் நகரத்தின் ழொசேப் பெர்னே-டூஷே பல ஆண்டுகள் முயன்று அதைத் தோட்ட ரோஜாவோடு கலந்து 1900-இல் ‘சொலேய் தோர்’ என்ற ரகத்தை வெளியிட்டார். அந்த மஞ்சளோடு சேர்ந்து, இலையில் கரும்புள்ளி விழும் பூஞ்சை நோய்க்கு எளிதில் இரையாகும் பலவீனமும் வம்சத்துக்குள் நுழைந்தது. நம் வீட்டு மஞ்சள் ரோஜாக்கள் மழைக்காலத்தில் முதலில் நோய்வாய்ப்படுவது தற்செயல் அல்ல. இந்த வம்சத்தில் எவரும் நாற்பது டிகிரி வெயிலுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை.

நம் நாட்டில் இதைச் சிந்தித்தவர்கள் உண்டு. கோதுமை இனவிருத்தியில் பெயர் பெற்றவரும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநருமான பி.பி. பால், அலுவல் போக எஞ்சிய நேரத்தில் டெல்லி வெயிலில் ரோஜாக்களை உருவாக்கினார். ‘ரோஸ் ஷர்பத்’, ‘டாக்டர் ஹோமி பாபா’ ஆகியவை அவருடையவை. ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவனும் அவருடைய துணைவியார் கிரிஜாவும் இன்னும் அடிப்படைக்கே சென்றார்கள். மணிப்பூர் மலைகளில் பெரிய வெள்ளைப் பூக்களோடு மரமேறிப் படரும் ரோஜா ஜைஜான்டியா, கிழக்கிந்தியாவில் வெள்ளம் தேங்கும் ஆற்றங்கரைகளிலும் பிழைக்கும் ரோஜா கிளைனோஃபில்லா ஆகிய நம் நாட்டுக் காட்டினங்களை எடுத்து, வெப்ப நாடுகளுக்கென்றே ரோஜாக்களை உருவாக்கும் பணியைப் பல பத்தாண்டுகள் செய்தார்கள். காட்டினத்தோடு தோட்ட ரோஜாவைக் கலக்கும்போது நான் மேலே சொன்ன குரோமோசோம் சிக்கல் முழு வடிவில் எதிரே வந்து நிற்கும். முதல் தலைமுறைப் பிள்ளை மலடானால் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் இந்தப் பாதையில் நடப்பவர்கள் மிகக் குறைவு.

உங்கள் நாற்று கோடையைத் தாங்குவது மெய்யானால், அது நிறத்தால் அன்று, அந்தக் குணத்தால் மதிப்புடையது. மெய்யா என்பதுதான் கேள்வி. அது தொட்டியில், மாடியில் எந்த மூலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பிற்பகல் வெயிலைச் சுவர் மறைக்கும் இடத்தில் இருந்தால், பசுமைக்குக் காரணம் சுவராக இருக்கலாம். மற்ற செடிகள் நர்சரியில் ஒட்டுக்கட்டப்பட்டவை. இது விதையிலிருந்து தன் வேரிலேயே வளர்ந்தது. அந்த வேறுபாடும் காரணமாக இருக்கலாம். மேலும், மே மாதத்தில் உங்கள் செடிகள் இலை உதிர்த்தது பெரும்பாலும் சிவப்புச் சிலந்திப்பேனால். உதிர்ந்த இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் மெல்லிய நூலாம்படையும் ஊரும் புள்ளிகளும் தெரிந்திருக்கும். இந்த நாற்றில் பேன் ஏறவில்லையா, ஏறியும் இலை தாங்கியதா, அல்லது அதன் தொட்டி மட்டும் தள்ளி இருந்ததால் தப்பியதா? மூன்றும் வெவ்வேறு செய்திகள்.

கோடையில் கரும்புள்ளி வரவில்லை என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். அந்தப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் இறங்க, இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். தருமபுரியின் மே மாதத்தில் அது எந்தச் செடிக்கும் வராது. புரட்டாசி முதல் கார்த்திகை வரை, மருந்து எதுவும் தெளிக்காமல், நோயுற்ற செடிக்கு அருகிலேயே இதை வைத்துப் பாருங்கள். மருந்து தெளிக்காமல் ஒரு மழைக்காலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது தோட்டக்காரருக்கு மனக்கஷ்டம் தரும் செயல். ஆனால் வேறு வழி கிடையாது.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். தை மாதத்தில் உங்கள் நாற்றிலிருந்து மொட்டு எடுத்துப் பத்துச் செடிகளை ஒட்டுக்கட்டுங்கள். உங்களுக்குக் கைவராவிட்டால், ஒட்டுக்கட்டத் தெரிந்தவரை வீட்டுக்கு அழைத்து உங்கள் கண்முன் கட்டச் சொல்லுங்கள். அதே வகை வேர்ச்செடியில் (மொட்டைத் தாங்கும் அடிச்செடியில்), அதே நாளில், மஞ்சள் தாய்ச்செடியிலும் பன்னீர் ரோஜாவிலும் பத்துப் பத்துக் கட்டுங்கள். நாற்றிலிருந்து ஐந்து குச்சிகளைத் தன் வேரிலும் வளருங்கள். இவற்றை மறைப்பு இல்லாத திறந்த இடத்தில், ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து நட்டு, ஒரே அளவு நீரும் உரமும் கொடுங்கள். இரண்டு கோடையும் இரண்டு மழைக்காலமும் கடக்கட்டும். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு செடியிலும் முன்கூட்டியே நூல் கட்டி வைத்த ஒரு கிளையின் இலைகளை எண்ணி எழுதுங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்ற குறிப்பு எதற்கும் பயன்படாது, ‘மே 15: 22-க்கு 19’ என்ற குறிப்பு பயன்படும். ஆசிரியையாக இருந்தவருக்கு வருகைப் பதிவேடு எழுதுவதை நான் கற்பிக்க வேண்டியதில்லை.

பத்து ஒட்டுச் செடிகளும் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றனவா என்பது இந்த ஏற்பாட்டின் இன்னொரு பயன். ஒரே ஒரு தொட்டியில் நிற்கும் ஒரு செடியை ரகம் என்று எங்கள் தொழிலில் சொல்வதில்லை. அதன் பெயர் நாற்று. அதன் மொட்டிலிருந்து வந்த செடிகள் வேறு மண்ணிலும் அதே குணத்தைக் காட்டினால்தான் ரகம். இயன்றால் மூன்று மூன்று செடிகளைத் திருச்சிப் பக்கம் உறவினர் வீட்டிலும் ஏற்காட்டில் தெரிந்தவர் தோட்டத்திலும் வையுங்கள். கொடுக்கும்போது, சோதனைக்காக மட்டும் கொடுக்கப்படுகிறது, விற்பனைக்கோ பெருக்கத்துக்கோ அன்று என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். உறவினரிடம் கையொப்பம் கேட்பது நம் வழக்கத்தில் சங்கடம்தான், இருந்தாலும் கேளுங்கள்.

அந்தத் தாள் ஏன் என்பதற்குச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் தாவரங்களுக்கு இடமில்லை. அதற்கு மாற்றாகப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 இருக்கிறது. அதன்படி புதிய ரகம் ஒன்றைப் பதிவு செய்ய, அது புதியதாகவும், அறியப்பட்ட மற்ற ரகங்களிலிருந்து குறைந்தது ஒரு முக்கியப் பண்பிலாவது தெளிவாக வேறுபட்டதாகவும், செடிக்குச் செடி ஒருசீராகவும், தலைமுறை மாறினாலும் நிலையாகவும் இருக்க வேண்டும். ரோஜா இந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட இனங்களில் ஒன்று. ‘புதியது’ என்பதற்குச் சட்டம் கொள்ளும் பொருள் நம் பேச்சுவழக்கிலிருந்து வேறானது: வளர்த்தவரின் சம்மதத்தோடு அந்த ரகம் இந்தியாவில் விற்பனைக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், அது புதியது அன்று. நீங்கள் இன்று 50 குச்சிகளுக்குப் பணம் வாங்கினால் அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சோதனை முடிய இரண்டரை ஆண்டாகும். அதற்குள் பதிவுக்கான கதவு மூடியிருக்கும். சோதனைக்காக மட்டும் கொடுத்த செடி இந்த உரிமையைக் கெடுக்காது என்று அதே சட்டம் சொல்கிறது. தாளின் பயன் அதுதான்.

பெயர் தெரியாத தாய்ச்செடி ஏற்கெனவே யாரேனும் பதிவு செய்த ரகமாக இருந்துவிட்டால் என்ன என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். பதிவு பெற்ற ரகத்தையும் புதிய ரகம் உருவாக்குவதற்கான மூலமாகப் பயன்படுத்த இந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே உங்கள் கலப்பில் குற்றமில்லை. பதிவு கிடைத்தால் மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டு, மற்ற பயிர்களுக்கு 15 ஆண்டு பாதுகாப்பு. ஆனால் பதிவு என்பது செலவும் அலைச்சலும் உடையது. சோதனைக்குச் செடிகளை அனுப்ப வேண்டும், ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும். பத்துச் செடிகளின் இரண்டு கோடைக் கணக்கு கையில் வந்த பிறகு அது தேவையா என்று முடிவு செய்யுங்கள். அந்தக் கணக்கு சாதகமாக இல்லையெனில், செடியை உங்கள் வாசலில் வைத்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

தாயாரின் பெயரை வைக்கத் தடையில்லை. வெறும் எண்களாக உள்ள பெயர், குழப்பம் விளைவிக்கும் பெயர், மத உணர்வைப் புண்படுத்தும் பெயர் போன்றவற்றையே சட்டம் மறுக்கிறது; ஊர்ப் பெயரிலும் சிக்கல் உண்டு, ஆகவே தாயாரின் பெயரோடு தருமபுரியைச் சேர்க்க வேண்டாம். இதைத் தவிர, ரோஜாப் பெயர்களுக்கான பன்னாட்டுப் பதிவேட்டை அமெரிக்க ரோஜாச் சங்கம் பராமரிக்கிறது. அங்கே பதிவு செய்வது ஒரே பெயரில் இரண்டு ரோஜாக்கள் உலவாமல் இருப்பதற்காக. அதனால் உடைமை உரிமை எதுவும் கிடைக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பெயர் பதிந்ததும் உரிமை கிடைத்ததாக எண்ணியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பூவை ஒத்த அந்த ‘பீஸ்’ ரோஜாவுக்கு மெய்யான் வைத்த பெயர் ‘மதாம் ஆ. மெய்யான்’, அது மறைந்த தம் தாயாரின் நினைவாக வைத்தது. ஜெர்மனியில் ‘குளோரியா டெய்’ என்றும் இத்தாலியில் ‘ஜோயா’ என்றும் அமெரிக்காவில் ‘பீஸ்’ என்றும் வேறு பெயர்கள் வந்து சேர்ந்து, உலகின் பெரும்பகுதியில் தாயாரின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. ஆகவே முதல் செடி வெளியே போகும்போதே எழுத்தில் ஒரே பெயராகக் கொடுத்துவிடுங்கள். அதுவரை குறிப்பேட்டில் எண்ணாகவே இருக்கட்டும். பெயர் வைத்துவிட்ட நாற்றைக் கழிக்க எவருக்கும் மனம் வராது.

அந்த ஒரே நாற்றோடு நின்றுவிடவும் வேண்டாம். வரும் மார்கழியில் அதே மஞ்சள் ரோஜாவையும் பன்னீர் ரோஜாவையும் முறையாக மீண்டும் கலந்து பாருங்கள். 14 பூக்களுக்குப் பதில் ஐம்பது பூக்களில். நாற்றையே தாயாக வைத்துப் பன்னீர் ரோஜாவின் மகரந்தத்தைச் சில பூக்களில் தடவுங்கள். காய் பிடிக்கிறதா என்பதே அதன் குரோமோசோம் நிலையைப் பற்றி ஏதேனும் சொல்லும். உங்கள் நாற்று கோடையைத் தாங்கும் குணத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமானால், அது தானே ரகமாவதைவிடப் பெற்றோராக அதிகம் பயன்படக்கூடும். வரும் நாற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறைக் கழிக்க வேண்டியிருக்கும். எங்கள் வேலையில் பெரும்பகுதி பிடுங்கி எறிவதுதான். பார்வையாளர்களுக்கு நாங்கள் அதைக் காட்டுவதில்லை.

நர்சரிக்காரரிடம், இன்னும் சோதனையில் இருக்கிறது, இரண்டு கோடை கழித்துப் பேசுவோம் என்று சொல்லுங்கள். அவர் நேர்மையானவராக இருந்தால் காத்திருப்பார். செடியை ஒட்டுக்கட்டித் தரும் வேலையையே அவரிடம் கூலிக்கு ஒப்படைக்கலாம், எழுத்தில். அவசரப்படுத்தினால், மாடிக்கு வரும் விருந்தினர்கள் கையில் கத்தரிக்கோல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மொட்டுக் குச்சியில் நான்கைந்து மொட்டு இருக்கும். அது சட்டைப்பையில் அடங்கிவிடும்.

முதல் கோடைக்கான இலைக் கணக்கை வைகாசி முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். தாய்ச்செடியின் கணக்கையும் மறவாமல் சேர்த்து அனுப்புங்கள்.